குற்றக் கதைப் படங்களும் வயதுச் சான்றும்: ஒரு வரலாற்று நோக்கு

1. பொருளும் எல்லையும்

களவு, கொலை, ஆட்கடத்தல், வஞ்சம் முதலிய குற்றங்களை மையமாகக் கொண்டு, அவற்றைச் செய்வாரும் துப்பறிவாரும் அவற்றால் துன்புறுவாருமாகிய மாந்தரின் வாழ்வைக் காட்டும் திரைப்படங்களை ஈண்டுக் 'குற்றக் கதைப் படங்கள்' எனக் குறிக்கின்றோம். ஒரு படத்தை எவ்வயதினர் காணலாம் என்பதனை வரையறுத்து, அதற்கென அமைந்த குழுவினர் வழங்குவது வயதுச் சான்று. குற்றக் கதைப் படத்திற்கு இச்சான்று வழங்குவோர் எவற்றை அளவுகோலாகக் கொண்டனர், அவ்வளவுகோல் காலந்தோறும் எவ்வாறு திரிந்தது என்பனவே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இப்பொருளில் என்ன உரிமை என வினவுதல் கூடும். சான்று வழங்குவோர் ஒரு கதையை முற்றக் கண்டு, அதன் போக்கும் முடிவும் சுவையும் காண்பார் உள்ளத்தில் யாது விளைவிக்கும் எனத் தீர்மானிக்கின்றனர். இது திறனாய்வின் பாற்பட்ட செயலே. அச்செயல் சட்டத்தின் ஆணையோடு கூடி வருதலின், அதன் நெறிமுறையை ஆராய்தல் திறனாய்வாளர் கடமையும் ஆகும்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஒரு படத்தையோ அதன் பகுதியையோ எவரும் காணாதவாறு விலக்குவது தணிக்கை. படத்தை முழுமையாக விட்டு, காண்பாரை வயதால் பகுப்பது வகைப்பாடு. முன்னதன் கருவி கத்தரி. பின்னதன் கருவி படிநிலை. படிகள் மிகுந்தால் கத்தரிக்கு வேலை குறைதல் முறை. அம்முறை எங்கு நிகழ்ந்தது, எங்கு நிகழவில்லை என்பதனை அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் வரலாற்றைக் கொண்டு காட்ட முயல்வோம்.

2. ஆம், இல்லை என்னும் இரு விடைகள்

திரைப்படத்தைப் பற்றிய தொடக்ககால வழக்குகளுள் ஒன்று குற்றக் கதைப் படம் பற்றியதாகவே அமைந்தது. சிகாகோ நகர மன்றம் 1907-ஆம் ஆண்டு ஓர் ஆணை இயற்றிற்று. நகரில் எப்படத்தைக் காட்டுவதாயினும் காவல்துறைத் தலைவரிடம் முன்னரே இசைவு பெறல் வேண்டும் என்பது அதன் சாரம். 'ஜேம்ஸ் பாய்ஸ்', 'நைட் ரைடர்ஸ்' என்னும் இரு படங்களுக்கு இசைவு மறுக்கப்பட்டது. முன்னது அமெரிக்காவில் வாழ்ந்த கொள்ளையர் உடன்பிறந்தாரின் கதை. வரலாற்றில் நிகழ்ந்தவற்றையே காட்டினோம் எனப் படம் காட்டுவோர் வாதிட்டனர். இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் 1909-இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. நுழைவுக் கட்டணம் மிகக் குறைவாதலின் இவ்வரங்குகளுக்குச் சிறார் திரளாக வருகின்றனர் என்பது அந்நீதிமன்றம் காட்டிய காரணங்களுள் முதன்மையானது.

இத்தீர்ப்பில் நுனித்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கவலை சிறாரைப் பற்றியது. விலக்கோ அனைவர்க்கும் உரியது. சிறுவன் காணலாகாதது எனின் முதியோனும் காணலாகாது என்பது அக்காலத்து அளவை. இடையே ஒரு படி இல்லாமையே இதற்குக் காரணம். அந்நகரமே 1914-ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பியோர்க்கு மட்டும் உரிய தனி இசைவுச் சீட்டு ஒன்றை ஏற்படுத்தியமை, அக்குறையை அவர்களே உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

எனினும் அமெரிக்கத் திரைத்துறை முழுவதும் அவ்வழியிற் செல்லவில்லை. 1930-இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறித்தொகுப்பு, படங்கள் யாவும் அனைவர்க்கும் உரியன என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. குற்றவாளியின்பால் பரிவு தோன்றக் காட்டுதல் கூடாது. களவு, கொள்ளை, பெட்டகம் உடைத்தல் ஆகியவற்றின் செய்முறையை விளங்கக் காட்டுதல் கூடாது என அது விதித்தது.

இவ்வகை நெருக்கடி கதையை எவ்வாறு தாக்கும் என்பதற்கு 1932-இல் வெளிவந்த 'ஸ்கார்ஃபேஸ்' என்னும் படம் தக்க எடுத்துக்காட்டு. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய இப்படம் ஒரு கள்ளச்சந்தைக் கொள்ளையனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுவது. தணிக்கையாளர் எதிர்ப்பால் 'நாட்டின் வெட்கக்கேடு' என்னும் பொருள்படும் துணைத்தலைப்பு அதற்குச் சூட்டப்பட்டது. நாயகன் துப்பாக்கிச் சூட்டில் வீழும் முடிவுக்கு மாற்றாக, அவன் வழக்கு மன்றத்தில் தண்டனை பெற்றுத் தூக்கிலிடப்படும் முடிவொன்றும் படமாக்கப்பட்டது. காண்பாரைப் பகுக்க வழியில்லாதபோது கதையைத் திருத்துதல் ஒன்றே வழியாயிற்று.

3. பிரிட்டனில் படிகள் தோன்றிய வரலாறு

பிரிட்டனின் 1909-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் எளிதில் தீப்பற்றும் படச்சுருளினின்று மக்களைக் காக்க எழுந்தது, ஒழுக்கத்தைப் பற்றியதன்று. ஆயினும் அரங்கிற்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஊர் மன்றங்களிடம் இருந்தமையின், அவை படங்களின் உள்ளடக்கத்தையும் வினவத் தொடங்கின. மன்றந்தோறும் மாறும் தீர்ப்புகளுக்கு அஞ்சிய திரைத்துறையினர் 1912-இல் தாமே ஒரு தணிக்கைக் கழகத்தை நிறுவினர். அது 1913 சனவரி முதல் தொழிற்பட்டது. 'யு', 'ஏ' என்னும் இரு சான்றுகளை வழங்கியது. தொடக்கத்தில் 'ஏ' என்பது அறிவுரை அளவினதே. 1920-களின் முற்பகுதியில்தான், 16 வயது நிரம்பாதோர் பெற்றோருடனோ காப்பாளருடனோ மட்டுமே 'ஏ' படத்திற்கு வரலாம் என்னும் நிபந்தனையை மன்றங்கள் விதிக்கலாயின.

கழகத்தின் இரண்டாம் தலைவராகிய டி. பி. ஓ'கானர், படத்தினின்று நீக்கத்தக்கன என 43 இனங்களைத் தொகுத்தார். கொடிய கொலைக் காட்சிகள், தூக்கிலிடுதல், போதைப் பழக்கம் என்பனவற்றோடு முதலாளி தொழிலாளி உறவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இப்பட்டியல் செயல்களை எண்ணுகிறது. அச்செயல்கள் கதையில் நிற்கும் நிலையை வினவவில்லை.

1932-இல் அச்சமூட்டும் படங்களுக்கென 'எச்' என்னும் குறியீடு தோன்றிற்று. ஆயினும் குற்றக் கதைக்கு அதனால் பயனில்லை. இக்குறை 1948-இல் வெளிப்பட்டது. ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் 1939-இல் எழுதிய புதினத்தைத் தழுவிய 'நோ ஆர்க்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்' என்னும் படம், செல்வர் மகள் ஒருத்தியைக் கடத்திய கூட்டத்தின் கதை. கழகம் அதற்கு 'ஏ' சான்று வழங்கியது. பெற்றோருடன் சிறாரும் காணலாம் என்பது அதன் பொருள். செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன, சில மன்றங்கள் தம் எல்லையுள் அப்படத்தைத் தடுத்தன அல்லது மேலும் வெட்டக் கோரின.

இப்புதினத்தை ஜார்ஜ் ஆர்வெல் 1944-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருந்தார். பழைய குற்றக் கதையில் கள்வனுக்கும் தன் குலத்தார் வகுத்த வரம்பொன்று இருந்தது. புதிய கதையோ வலிமையை மட்டும் போற்றுகிறது என்பது அவர் கருத்து. குற்றத்தின் அளவை அவர் எண்ணவில்லை. கதையின் பரிவு எப்பக்கம் சாய்கிறது எனவே வினவினார். தணிக்கையாளர் வினவத் தவறியதைத் திறனாய்வாளர் முன்னரே வினவினார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

சிறாரும் திரைப்படமும் பற்றி ஆராய அமைந்த வேர் குழு 1950-இல் அறிக்கை தந்தது. அதன் வழியே 1951-இல் 'எக்ஸ்' என்னும் சான்று பிறந்தது; 16 வயது நிரம்பாதோர் அப்படங்களுக்கு வருதல் இயலாது. 1970-இல் 'எக்ஸ்' வயது 18 ஆக உயர்ந்து, 14 வயதினர்க்குரிய இடைப்படி ஒன்றும் சேர்ந்தது. 1982-இல் 15, 18 என்னும் எண்களே சான்றின் பெயராயின. 1989-இல் 12 சேர்ந்தது. இக்காலத்தில் அக்கழகத்தின் பெயரில் இருந்த 'தணிக்கை' என்னும் சொல்லும் 'வகைப்பாடு' என மாறிற்று. வயது வந்தோர்க்குரிய படத்தில் கத்தரி அரிதாயிற்று. சட்டத்திற்கு மாறான காட்சிகள் நீங்கலாக, தாழ்ந்த வயதுச் சான்றை விரும்பித் தயாரிப்பாளர் தாமே இசையும் வெட்டுகளே பெரிதும் எஞ்சின. அமெரிக்காவிலும் 1968 நவம்பரில் பழைய நெறித்தொகுப்பு கைவிடப்பட்டு, நான்கு படிகள் கொண்ட வகைப்பாடு அவ்விடத்தைப் பெற்றது. படி வந்தது, கத்தரி பின்வாங்கியது.

4. எண்ணுதலும் உணர்தலும்

எனினும் படிகள் அமைந்தமையாலேயே தீர்ப்பு செம்மையாகிவிடும் எனக் கொள்ளலாகாது. கென் லோச் இயக்கி 2002-இல் வெளிவந்த 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' என்னும் படம், ஸ்காட்லாந்தின் துறைமுக நகரொன்றில் வாழும் பதினைந்து வயதுச் சிறுவனைப் பற்றியது. சிறையினின்று மீளும் தாய்க்கு ஒரு வீடு தேட எண்ணி அவன் போதைப்பொருள் விற்கத் தலைப்படுகிறான். இப்படத்திற்கு 18 என்னும் சான்று வழங்கப்பட்டது. வன்முறை இதற்குக் காரணமன்று. மாந்தர் பேச்சில் இடைவிடாது பயிலும் கொச்சைச் சொற்களே காரணம். எவ்வயதினரின் வாழ்வைப் படம் பாடுகிறதோ அவ்வயதினரே அதனைக் காண இயலாதாயினர். கதை நிகழும் பகுதியின் இன்வர்கிளைடு மன்றம் தன் எல்லையுள் அதனை 15 என மாற்றியது. அச்சொற்களைத் தெருவில் நாள்தோறும் கேட்போர் ஒருவகையாகவும், தொலைவில் இருந்து எண்ணினோர் வேறுவகையாகவும் தீர்த்தனர்.

இக்காலத்துப் பிரிட்டானிய வழிகாட்டு நெறிகள் இவ்விரு முறைகளையும் இணைக்க முயல்கின்றன. வன்முறை, அச்சுறுத்தல், போதைப்பொருள், மொழி, பின்பற்றத்தக்க தீச்செயல் ஆகியவற்றைத் தனித்தனி நோக்குதல் ஒரு கூறு. சூழல், கருப்பொருள், தொனி, ஒட்டுமொத்தத் தாக்கம் என்பனவற்றை நோக்குதல் மற்றொரு கூறு. முன்னது எண்ணுதல், பின்னது உணர்தல். ஒரே கத்திக்குத்து நகைச்சுவைக் கதையில் ஒரு வயதையும், துயரக் கதையில் வேறொரு வயதையும் பெறுவது பின்னதன் பயனே.

5. இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1918-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. ஓ'கானர் தொகுத்த இனங்களின் சாயல் அக்குழுக்களின் விதிகளிலும் படிந்தது. வயதுப் பகுப்பு அன்று இல்லை. 1927-இல் சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த குழு நாடெங்கும் சான்றுரைகள் பெற்று 1928-இல் அறிக்கை அளித்தது. எனினும் வயதுச் சான்று தோன்ற நாடு விடுதலை பெறுங்காறும் காத்திருக்க நேர்ந்தது.

1949-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே 'யு', 'ஏ' என்னும் இரு சான்றுகளையும் நிறுவியது. 1951-இல் நடுவண் தணிக்கைக் குழு தொழிற்படத் தொடங்கிற்று. அவ்வாண்டு வெளிவந்த 'மர்மயோகி' தமிழில் முதன்முதல் 'ஏ' சான்று பெற்ற படம் எனப்படும். அதற்குக் காரணம் குற்றமன்று, பேய்க் காட்சிகளே என்பது பிரிட்டனின் 'எச்' குறியீட்டை நினைவூட்டுகிறது. 1952-ஆம் ஆண்டுச் சட்டம், குற்றம் செய்யத் தூண்டக்கூடிய படத்திற்குச் சான்று மறுக்கலாம் எனத் தன் 5பி பிரிவில் விதித்தது. அச்சட்டமே சான்று வழங்குமுன் வெட்டுகளை ஆணையிடும் அதிகாரத்தையும் குழுவிற்கு அளித்தது. இந்தியாவில் படியும் கத்தரியும் ஒரே கையில் ஒருங்கே வைக்கப்பட்டன என்பதே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

1983-இல் 12 வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்னும் 'யுஏ' சான்றும், சிறப்புத் தொழிலோர்க்குரிய 'எஸ்' சான்றும் சேர்ந்தன. குழுவின் பெயரும் சான்றளிப்பைக் குறிப்பதாக மாறிற்று. அவ்வாண்டு விதிகளின்படி, முழுநீளப் படத்தை ஓர் அலுவலரும் அறிவுரைக் குழுவினர் நால்வரும் அமர்ந்து காண்பர். அவர்களுள் பெண்டிர் இருவரேனும் இருத்தல் வேண்டும். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் சான்றின் வகையையும் வேண்டும் வெட்டுகளையும் எழுத்தில் தருவர். முடிவு ஒவ்வாதெனின் மறுஆய்வுக் குழுவும், அதற்குமேல் 2021 வரை தீர்ப்பாயமும் இருந்தன.

1991-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள் குற்றக் கதைக்கு நேரே பொருந்துவன. வன்முறை முதலிய தீச்செயல்களைப் போற்றியோ நியாயப்படுத்தியோ காட்டலாகாது. குற்றவாளிகளின் செய்முறையைக் காட்டலாகாது. சிறாரை வன்முறையில் ஈடுபடுத்தும் காட்சிகள் ஆகா என அவை கூறும். அவையே, படத்தை ஒட்டுமொத்தத் தாக்கம் நோக்கி முழுமையாக மதிப்பிடுக எனவும், கதை நிகழும் காலத்தையும் மக்களையும் கருதுக எனவும் கூறும். முன்னவை எண்ணச் சொல்கின்றன. பின்னவை உணரச் சொல்கின்றன. இவ்விரண்டும் முரணும்போது எது வெல்லும் என்பதற்கு அந்நெறிகளில் விடையில்லை.

6. செய்முறை விலக்கும் சிலம்பும்

குற்றச் செய்முறை காட்டலாகாது என்னும் விதியைச் சற்று ஆராய்வோம். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க நெறித்தொகுப்பிலும் இஃது இருந்தமை மேலே காட்டப்பட்டது. படங்கள் அனைவர்க்கும் உரியன என்னும் கொள்கையோடு அங்கே அது பொருந்திற்று. வயதுப் படிகள் உள்ள நாட்டில், 18 வயது நிரம்பியோர் மட்டும் காணும் படத்திற்கும் அதனை விதிப்பது எங்ஙனம் பொருந்தும்?

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை ஈண்டு நினைத்தல் தகும். கோவலன் தோற்றத்தில் கள்வனுக்குரிய குறி காணாது காவலர் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் துணையாகக் கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் விரித்துரைக்கின்றான். செய்முறை எனின் இதனினும் விளக்கமான செய்முறை அரிது. எனினும் அதனைக் கற்றவர் எவரும் களவு கற்றதாகச் சொல்லார். உண்மைக் கள்வன் ஒருவன் களவைப் பற்றிய தன் அறிவால் குற்றமற்றவனைக் கொல்விக்கின்றான் என்னும் கொடுமையே நெஞ்சில் நிற்கிறது. செய்முறைப் பகுதியை வெட்டிவிடின் காவலர் மனம் மாறியதற்குக் காரணமே இல்லாது போகும். அறங் கூறும் கதை அறம் இழக்கும். செயலைத் தனியே எண்ணுவார்க்கு இது புலப்படாது. கதையை முழுமையாக உணர்வார்க்கே புலப்படும்.

7. நீதிமன்றங்களின் வாசிப்பு

இந்திய உச்சநீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் இவ்வுணர்தல் நெறியை வளர்த்தன. கே. ஏ. அப்பாஸ் தம் குறும்படத்திற்கு 'ஏ' சான்று அளிக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், நீதிமன்றம் 1970-இல் முன்தணிக்கையையும் வயதுப் பகுப்பையும் செல்லும் எனக் கொண்டது. ஆயினும் கலைத்தன்மை வாய்ந்த படைப்பையும் கீழ்மையைச் சுரண்டும் படைப்பையும் வேறுபடுத்தும் நெறி வேண்டும் எனவும் வலியுறுத்தியது.

இரண்டாவது வழக்கு தமிழ்ப் படம் பற்றியது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் படத்திற்கு முதற்குழு சான்று மறுத்தது. மறுஆய்வில் பெரும்பான்மை முடிவால் 'யு' கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கிற்று. உச்சநீதிமன்றம் 1989-இல் மீட்டளித்தது. ஒரே படத்தைக் கண்டோர் எத்துணை வேறுபட்டனர் என்பது இதனால் விளங்கும். நடுநிலையும் பொது அறிவும் உடைய மாந்தனே அளவுகோல், மிகைநொய்மை உடையோன் அல்லன் என்பது அத்தீர்ப்பின் பயன்.

மூன்றாவது, பூலன் தேவியின் வாழ்வைக் கூறும் 'பண்டிட் குயின்' பற்றியது. குழு கோரிய வெட்டுகள் பலவற்றை நீக்கித் தீர்ப்பாயம் 'ஏ' சான்று வழங்க, தில்லி உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 1996-இல் உச்சநீதிமன்றம் சான்றை மீட்டது. தீமை தீமையே என உணர்த்தும் படத்தை, அது தீமையைக் காட்டியது என்பதற்காகவே விலக்கலாகாது என்பது அதன் கருத்து. ஒரு பெண் கொள்ளையாளாகியது ஏன் என்பதனைக் காட்டாது அவள் கதையைச் சொல்ல இயலாது என அந்நீதிமன்றம் உணர்ந்தது.

இத்துணை விளக்கம் வந்த பின்னரும் நடைமுறை பெரிதும் மாறவில்லை. தியாகராஜன் குமாரராஜா இயக்கி 2011-இல் வெளிவந்த 'ஆரண்ய காண்டம்' ஒரே பகலில் நிகழும் குற்றக் கதை. அதற்கு 52 வெட்டுகள் கோரப்பட்டன. தயாரிப்பாளர் தீர்ப்பாயம் சென்றே 'ஏ' சான்றுடன் அதனை வெளியிட்டனர். வயது வந்தோர்க்கு மட்டும் உரிய படம் என ஏற்றுக்கொண்ட பின்னும் 52 வெட்டுகள் யாரைக் காக்க என்னும் வினா எழாமற் போகாது.

8. சான்று எழுத்தை ஆளுதல்

வயதுச் சான்றின் விளைவு அரங்க வாயிலோடு நிற்பதன்று. தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்கு 2006 முதல் கேளிக்கை வரிவிலக்கு வழங்கப்பட்டது. 2011-இல் 'யு' சான்று பெற்றிருத்தலும் அதற்கு ஒரு நிபந்தனையாயிற்று. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தமையால் அம்முறை முடிவுற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'யு' என்பது சிறார்க்கு ஏற்றது என்னும் பொருளை விட்டு, வரியில்லாதது என்னும் பொருளைப் பெற்றது. தொலைக்காட்சி உரிமையை விற்கவும் 'ஏ' சான்று தடையாக நின்றது. எனவே குற்றக் கதை எழுதுவோர்க்கு இரு வழிகளே எஞ்சின: முதியோர்க்கு முழுக்கதை எழுதிப் பொருள் இழத்தல், அல்லது குருதியின் நிறத்தை மங்கச் செய்து கொடுமையை நிலைக்க விட்டுச் சிறாரிடமும் கொண்டு செல்லுதல். பின்னது சிறார்க்கும் நன்மையன்று. வலி தோன்றாத வன்முறையே சிறுவன் உள்ளத்தில் வன்முறையை எளிதாக்கும் என்பது எம் கருத்து.

9. அண்மைக்கால மாற்றம்

2016-இல் அறிக்கை அளித்த ஷியாம் பெனகல் குழு இச்சிக்கலின் வேரைத் தொட்டது. 'யுஏ' சான்றை வயதால் பகுத்தல் வேண்டும் என்பது அதன் ஒரு பரிந்துரை. சான்றளிக்கும் குழு வகைப்படுத்தலே செய்தல் வேண்டும், வெட்டுகளை ஆணையிடலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றன் இரு கூறுகள். 2021-இல் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது; முறையிடுவோர் உயர்நீதிமன்றம் செல்லல் வேண்டியதாயிற்று. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'யுஏ' சான்றை 7, 13, 16 எனப் பகுத்தது. சான்றின் பத்தாண்டு எல்லையை நீக்கியது. 2024-ஆம் ஆண்டு விதிகள் குழுவில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்டிர் இருத்தல் வேண்டும் என்றன. இவை பாராட்டத்தக்கன. ஆயினும் பரிந்துரையின் முதற்கூறு ஏற்கப்பட்டு, இரண்டாம் கூறு விடப்பட்டது. படிகள் ஐந்தாயின, கத்தரியும் இருந்தவாறே இருந்தது.

10. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன வருமாறு. படிகள் இல்லாத காலத்தில் சிறாரைக் காக்க எழுந்த கவலை அனைவரையும் கட்டுப்படுத்திற்று. படிகள் தோன்றிய பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கத்தரி படிக்கு வழிவிட்டது. இந்தியாவில் இரண்டும் ஒருங்கே நின்றமையின், முதியோர்க்குரிய குற்றக் கதையும் சிறார்க்குரிய அளவையால் அளக்கப்படுகிறது. சான்று செம்மையுறுவது செயலை எண்ணுவதாலன்று. அச்செயலின்பால் கதை காண்பாரை எந்நிலையில் நிறுத்துகிறது என உணர்வதாலேயாம்.

குழந்தையைக் காத்தல் சமுதாயத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. அக்கடமையை வாயிலில் நின்று செய்யலாம்; கதையினுள் புகுந்து செய்தல் வேண்டா. பதினாறு வயதினன் எதனைக் காணலாம் என்னும் வினாவிற்கு விடை காண்போர்க்குக் கதையை உணரும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளிக்கவல்லவை இலக்கியத் துறைகள். தமிழில் எழுந்த குற்றக் கதைப் படங்களுக்குக் கோரப்பட்ட வெட்டுகளைத் தொகுத்து, அவை செயலை நோக்கியனவா, பொருளை நோக்கியனவா என வகுத்துக் காண்பது இனிவரும் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.